கடல் கடந்த மாணவர்

நுழையும்முன்

அறிஞர்களை அவர்தம் சாதனைகளின் வழியாகவே நாம் அறிந்து பழகியிருக்கிறோம். அச்சாதனைகள் பிறந்த நாள்களில் அவர்கள் எதை உண்டனர், எங்கு உறங்கினர், யாரிடம் மனம் விட்டுப் பேசினர் என்பனவற்றை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கணித மேதை சீனிவாச இராமானுஜன் கேம்பிரிட்ஜில் மாணவராக வாழ்ந்த ஐந்தாண்டுகளின் அன்றாடத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது. உயர்கல்விக்காக ஊரையும் உறவையும் பிரிந்து செல்லவிருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வாழ்க்கை இது.

காவிரிக் கரையில்

சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த சேலத்திலிருந்து தெற்கே இறங்கினால், சோளமும் நிலக்கடலையும் விளையும் செம்மண் சமவெளி விரிகிறது. திருமணிமுத்தாறு பாயும் அந்நிலப்பரப்பின் கிழக்கே கொல்லிமலையும் மேற்கே காவிரியாறும் அமைந்துள்ளன. நடுவில், ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் அடியில் நாமக்கல் இருக்கிறது. குன்றின் உச்சியில் கோட்டை. குன்றைக் குடைந்த குகையில் நரசிம்மர். அருகில் நாமகிரித் தாயார் சன்னிதி. எதிரே மேற்கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயர். பின்னாளில், 1997ஆம் ஆண்டில், சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று.

காவிரியின் மேற்குக் கரையிலுள்ள ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில், 1887 டிசம்பர் 22 அன்று இராமானுஜன் பிறந்தார். தாய் கோமளத்தம்மாள், தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். தாய்வழிக் குடும்பத்தார் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றியவர்கள். நெடுநாள் பிள்ளைப்பேறு இல்லாத மகளுக்காகப் பாட்டி அத்தாயாரை வேண்டிக்கொண்ட பின்னரே இராமானுஜன் பிறந்தார் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. தம் மனத்தில் தோன்றும் கணித உண்மைகளை நாமகிரித் தாயாரின் அருளாகவே அவரும் கருதினார்.

பட்டம் பெறாத மாணவர்

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பல பெற்ற இராமானுஜன், கல்லூரியில் தோல்வியைச் சந்தித்தார். கணிதத்தில் மட்டுமே மனம் ஆழ்ந்ததால் பிற பாடங்களில் தேர்ச்சி கிட்டவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையையும் இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முயன்றார். பாடத்திட்டத்தின் எல்லைக்குள் நில்லாமல் அவர் மனம் எண்களின் ஆழத்திற்குச் சென்றுவிட்டதால், அம்முயற்சியும் நிலைக்கவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிப் பலகையில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிவு செய்தார்.

1909இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடைபெற்றது. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அக்கடிதமே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. ஹார்டியும் அவருடன் பணியாற்றிய லிட்டில்வுட்டும் அத்தேற்றங்களை ஆராய்ந்து, எழுதியவர் பெரும் மேதை என்பதை உணர்ந்தனர். இங்கிலாந்துக்கு வருமாறு ஹார்டி அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

நாமக்கல்லில் நீங்கிய தடை

கடல் கடந்து செல்வோரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் வைதிகக் குடும்பங்களிடையே இருந்தது. திரும்பி வந்தபின் திருமணத்திற்கும் இறுதிச்சடங்கிற்கும்கூட உறவினர் வரமாட்டார்கள் என்னும் அச்சம் மெய்யானதே. ஆகவே இராமானுஜன் முதலில் ஹார்டியின் அழைப்பை ஏற்கவில்லை.

பின்னர் நாமக்கல் சென்று தாயாரின் சன்னிதியில் தங்கிய இராமானுஜனுக்குப் பயணத்திற்கான அருள்வாக்குக் கிடைத்தது என்று அவர் நண்பர் குடும்பத்தார் கூறிவந்தனர். மகன் ஐரோப்பியர் சூழ அமர்ந்திருப்பதாகவும், அவன் செல்வதைத் தடுக்க வேண்டா என்று நாமகிரித் தாயார் ஆணையிடுவதாகவும் அன்னை கனவு கண்டார் என்பது மற்றொரு செய்தி. எவ்வாறாயினும், எந்தத் தெய்வத்தின்மீது கொண்ட பக்தி அவரை ஊரோடு பிணைத்திருந்ததோ, அந்தத் தெய்வத்தின் பெயராலேயே தடையும் நீங்கியது.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், இராமானுஜனைச் சந்தித்துப் பயணத்தை உறுதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச்செலவும் வழங்க முன்வந்தது. அத்தொகையில் ஏறத்தாழ 50 பவுன் தம் குடும்பத்திற்குச் சேருமாறு ஏற்பாடு செய்துவிட்டே இராமானுஜன் புறப்பட்டார்.

குடுமியும் காலணியும்

பயணத்திற்கு முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. வேட்டியும் அங்கவஸ்திரமும் நீங்கிக் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் வந்தன. மகனை அக்கோலத்தில் காணும் துயரம் வேண்டா என்று, தாயும் மனைவியும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டிருந்தனர். 1914 மார்ச்சு 17 அன்று நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அப்போது இராமானுஜனுக்கு வயது இருபத்தாறு. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின், ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தார்.

கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவிலின் இல்லத்தில் தங்கினார். பின்னர் ஹார்டியின் அறைக்கு அண்மையில் இருக்க வேண்டி டிரினிட்டிக் கல்லூரி விடுதிக்கு மாறினார். ஆய்வுக்கு அம்மாற்றம் உதவியது. ஆனால், ஒரு குடும்பத்தின் அரவணைப்பு அன்றோடு முடிந்தது. அதன்பின் அவரது அன்றாடம் முழுவதும் ஓர் அறைக்குள் அடங்கியது.

வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து பழகிய கால்களை இறுக்கமான காலணிகள் வருத்தின. கல்லூரி முற்றத்தைச் செருப்பணிந்தே கடந்து செல்லும் குள்ளமான, பருத்த உருவம் மாணவர்களுக்குப் பழகிய காட்சியாயிற்று.

அறையில் ஓர் அடுப்பு

டிரினிட்டியில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெருங்கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்பது மரபு. அங்கேதான் நட்பு வளரும்; கருத்துகள் பரிமாறப்படும். மரக்கறி உணவையே உண்ணும் நோன்புடைய இராமானுஜன் அக்கூடத்தில் உண்ணவில்லை. கல்லூரிச் சமையலறையின் பாத்திரங்களையும் அவரால் நம்ப இயலவில்லை. தம் அறையிலேயே சிறிய அடுப்பில் தாமே சமைத்தார். ஊரிலிருந்து அஞ்சலில் வரும் புளியும் பிற பொருள்களும் அச்சமையலுக்குத் துணையாயின.

வீட்டில் இருந்தவரை, அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது தாய் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பது வழக்கம். இங்கே அந்தக் கை இல்லை. கணக்கில் ஆழ்ந்துவிட்டால் இரவும் பகலும் அவருக்கு வேறுபடுவதில்லை. சமைப்பதை மறந்து நெடுநேரம் எழுதுவார். களைத்தபின் நெடுநேரம் உறங்குவார். உணவு நாளுக்கு ஒரு வேளையாகச் சுருங்கிய காலமும் உண்டு.

அந்த அடுப்பின் அருகிலும் கணிதம் பிறந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி. சி. மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். 1914 டிசம்பரில் ஒருநாள், இராமானுஜன் வாணலியில் காய்கறிகளைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் இதழொன்றில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. குறிப்பிட்ட வீட்டின் இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவ்வீட்டின் எண் யாது? விடை, 288 வீடுகளுள் 204ஆம் வீடு. 1 முதல் 203 வரையிலான கூட்டுத்தொகை 20,706. 205 முதல் 288 வரையிலான கூட்டுத்தொகையும் அதுவே.

மகலனோபிஸ் இவ்விடையை முயன்று கண்டறிந்திருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். 8 வீடுகளுள் 6ஆம் வீடு, 49 வீடுகளுள் 35ஆம் வீடு, 288 வீடுகளுள் 204ஆம் வீடு என முடிவின்றித் தொடரும் எல்லா விடைகளையும் அப்பின்னம் தன்னுள் கொண்டிருந்தது. ஒரு வினாவுக்கு ஒரு விடை காண்பது பிறர் வழக்கம். வினாவின் வேரையே காண்பது அவர் இயல்பு.

குளிரும் கம்பளியும்

கேம்பிரிட்ஜின் குளிர் அவரை மிகவும் வாட்டியது. இரவில் மேலங்கியை அணிந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்குவதாக மகலனோபிஸிடம் ஒருமுறை கூறினார். போர்வைகள் போதவில்லையோ என ஐயுற்ற மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் கீழ்ச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜன் அறிந்திருக்கவில்லை. விரிப்பின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் முதலில் நகைப்பர். சற்று எண்ணினால் வருந்துவர். பாயும் தலையணையுமாக வளர்ந்த ஒருவருக்கு அக்கட்டிலின் முறையை யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. உலகின் மிகக் கடினமான கணக்குகளைத் தீர்த்தவருக்குத் தெரியாத ஒரு சிறு செய்தியை, ஒரு நண்பர் சில நொடிகளில் தீர்த்துவைத்தார்.

அவரது மெல்லிய மனத்திற்கு மற்றொரு நிகழ்ச்சியும் சான்று. இந்திய நண்பர் சிலரை ஒருமுறை தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். இரசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்ட விருந்தினருள் சிலர், மூன்றாம் முறை வேண்டா என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. தம் சமையலை அவர்கள் விரும்பவில்லை என்று மனம் நொந்து ஆக்ஸ்போர்டுக்குச் சென்றவர், சில நாள்கள் கழித்தே திரும்பினார். அயலிடத்தில் தனித்து வாழ்பவருக்குச் சிறு சொல்லும் பெருங்காயம் ஆகிவிடும் என்பதை இது காட்டுகிறது.

ஆசிரியரின் சிக்கல்

மாணவரின் சிக்கல் அடுப்பும் குளிரும் என்றால், ஆசிரியரின் சிக்கல் வேறாக இருந்தது. எண்களின் தொடர்களிலும் தொடர் பின்னங்களிலும் எவரும் எட்டாத உயரத்தில் இருந்த இராமானுஜன், கலப்பெண் சார்புகள் போன்ற அடிப்படைப் பகுதிகளை முறையாகக் கற்றிருக்கவில்லை. நிரூபணம் என்பதன் தேவையும் அவருக்கு முழுமையாக விளங்கியிருக்கவில்லை. கற்பிக்காமல் விட்டால் அவர் தவறான பாதையில் செல்லக்கூடும். பள்ளி மாணவரைப் போல் தொடக்கத்திலிருந்து கற்பித்தாலோ, அவருடைய ஊற்றே அடைபடக்கூடும்.

ஹார்டி நடுவழியைத் தேர்ந்தார். தேவையானவற்றை மட்டும் கூட்டாய்வின் ஊடே கற்பித்தார். தாம் கற்பித்ததைவிட மாணவரிடம் தாம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். வகு எண்களை மிகுதியாகக் கொண்ட எண்களைப் பற்றிய ஆய்வுக்காக 1916 மார்ச்சில் இராமானுஜன் பட்டம் பெற்றார். தாய்நாட்டில் கிடைக்காத பட்டம் கேம்பிரிட்ஜில் கிடைத்தது.

ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதே இருவரும் இணைந்து ஆராய்ந்த புகழ்பெற்ற வினா. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணைப் பிரிக்கும் வகைகளோ 39,72,99,90,29,388. இத்தகைய பேரெண்களைக் கணிக்கும் வாய்பாட்டை அவ்விருவரும் 1918இல் வெளியிட்டனர்.

எனினும், கணிதத்தைப் பற்றி நாள்தோறும் உரையாடிய ஹார்டி, மாணவரின் உணவு, உறக்கம், குடும்பம் பற்றி மிகுதியாக வினவியதில்லை. பிறர் தனிவாழ்வில் நுழையாமை அந்நாட்டுப் பண்பு. தன் துயரைத் தானே சொல்லாமை இவர் பண்பு. இரு நற்பண்புகளுக்கும் இடையே ஒருவரது உடல்நலம் கவனிப்பாரின்றி நலிந்தது.

போர்க்காலத் தனிமை

இராமானுஜன் கேம்பிரிட்ஜ் அடைந்து நான்கு மாதங்கள் ஆவதற்குள், 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் மூண்டது. டிரினிட்டிக் கல்லூரியின் முற்றம் ஒன்று காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையாயிற்று. மாணவர்கள் போர்முனைக்குச் சென்றனர், வகுப்புகள் வெறுமையாயின. லிட்டில்வுட்டும் படைப்பணிக்குச் சென்றார். கடல்வழி ஆபத்து நிறைந்ததாயிற்று. பாலும் பழமும் காய்கறியும் கிடைப்பது அரிதாயிற்று.

இரண்டாண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று வந்தவர் திரும்ப இயலாமற் போனார். தாயும் மனைவியும் வாழ்ந்த இல்லத்தில் மனவேறுபாடு எழுந்தது. கணவனும் மனைவியும் எழுதிய கடிதங்கள் ஒருவரையொருவர் சென்றடையவில்லை. காரணம் அறியாத இராமானுஜன் மனம் சோர்ந்தார். வீட்டிற்கு அவர் எழுதும் கடிதங்களும் வரவரக் குறைந்தன.

நோயும் பெருமையும்

1917இல் அவர் உடல்நலம் குன்றியது. கேம்பிரிட்ஜிலும் மெண்டிப், மேட்லாக் ஆகிய இடங்களிலும் இலண்டனிலும் உள்ள மருத்துவமனைகளில் மாறிமாறித் தங்கினார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். உறுதியாகக் கூற இயலவில்லை. அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஆய்வாளர் ஒருவர் விளக்கியுள்ளார். எந்நோயாயினும் ஊட்டமற்ற உணவும் ஒழுங்கற்ற உறக்கமும் தனிமையும் அதற்குத் துணை நின்றன எனலாம்.

நோய்ப்படுக்கையிலேயே பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1918 மே மாதத்தில் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. தம்மைக் காண வந்த ஹார்டியிடம் அவர் விளக்கிய 1729 என்னும் எண், இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண்ணாகும். அதனை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர்.

ஏழை மாணவர்க்கு ஒரு பங்கு

போர் முடிந்தது. ஆண்டுக்கு 250 பவுன் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் முன்வந்தது. அதற்கு நன்றி தெரிவித்து 1919 சனவரியில் இராமானுஜன் எழுதிய கடிதம் அவர் உள்ளத்தைக் காட்டுகிறது. அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், இங்கிலாந்தில் தமக்காகும் செலவும் பெற்றோருக்கான ஆண்டுத்தொகை 50 பவுனும் போக எஞ்சியதைக் கல்விப்பணிக்குச் செலவிட வேண்டும் என்றும் அதில் வேண்டினார். ஏழை மாணவர், தாய் தந்தையற்ற சிறார் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் அத்தொகை உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். உதவித்தொகை இழந்த துயரையும், தாள் வாங்க இயலாத வறுமையையும் அவர் மறக்கவில்லை.

மீண்டும் காவிரிக் கரை

1919 பிப்ரவரியில் புறப்பட்ட இராமானுஜன் மார்ச்சில் பம்பாயை அடைந்து, ஏப்ரலில் சென்னை வந்து சேர்ந்தார். மெலிந்த அவ்வுருவம் உறவினரைக் கலங்கச் செய்தது. சென்னையின் வெப்பத்தைத் தவிர்க்கக் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சில மாதங்கள் தங்கினார். அக்கரையில் நின்றால் எதிர்க்கரையில் நாமக்கல் சமவெளி தெரியும். பிறந்த ஈரோடு ஆற்றின் மேற்புறம் அண்மையிலேயே இருந்தது. தாயின் சமையலும் மனைவியின் பணிவிடையும் கிடைத்தன; ஆனால், நோய் முற்றியிருந்தது.

கும்பகோணத்திலும் பின்னர் சென்னையிலும் மருத்துவம் தொடர்ந்தது. வலியின் நடுவிலும் தாள்களை வாங்கிக் கணக்கு எழுதினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் முற்றிலும் புதிய கணிதச் சார்புகளை அறிவித்தார். ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் மறைந்தார். இறுதியாண்டில் அவர் எழுதிய தாள்கள் 1976இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டறியப்பட்டு, கணித உலகை மீண்டும் வியப்பில் ஆழ்த்தின. அவர் பிறந்தநாள் இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மேதைக்கும் பசி உண்டு, குளிர் உண்டு, பேசத் துணை தேடும் நெஞ்சும் உண்டு. இராமானுஜனின் அறிவுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். அந்த அறிவைத் தாங்கிய உடலைப் பேணுவதற்கு ஒருவரும் உடனில்லை. இன்று ஆசிரியப் பயிற்சிக்கும் மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் ஆய்வுக்கும் சேலம், நாமக்கல் சிற்றூர்களிலிருந்துகூட மாணவர்கள் தொலைநாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் நேரத்தோடு உண்ணவும், தெரியாததைத் தயங்காமல் கேட்கவும், துயரை நண்பரிடம் பகிரவும் பழக வேண்டும். உடன் பயில்பவர் குளிரில் நடுங்குகிறார் எனத் தெரிந்தால், மகலனோபிஸைப் போல் உள்ளே சென்று பார்க்கவும் வேண்டும். கல்வியைக் காக்கும் வேலி இத்தகைய சிறு செயல்களாலேயே அமைகிறது.